இரவுச் சாப்பாட்டோடு

இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு நாகேஸ்வரியை மயக்கி, நெஞ்சிலும் முதுகிலும் பட்டைகளை ஒட்டி, ஒரு கணம் மின்சாரம் பாய்ச்சுவார்கள். நான்கு மாதமாகத் தாளம் தப்பி அடிக்கும் இதயம் அந்த ஒரு உலுக்கலில் பழையபடி திரும்ப வேண்டும். பாரிசின் லா ஷப்பலில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதை "நெஞ்சுக்குக் கரண்ட் வைக்கிறது" என்றுதான் சொன்னார்கள்.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது மருமகள் மிருணாளினி சமையலறை வாசலில் நின்றாள். மாமி நாகேஸ்வரி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பேசிய தாதி தன் பெயர் ஷார்லோத் என்றாள். நல்ல மாதிரித்தான் பேசினாள். மிருணாளினிக்குப் பிரெஞ்சு வாசிக்க வரும். வாய் திறப்பதுதான் பெரும்பாடு. பிரான்சுக்கு வந்த ஒன்றரை வருடத்தில் அவள் அதிகம் சொன்ன சொல் "வீ". ஓம் என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை மூன்று கிழமையும் ஒரு நாள்கூட விடாமல் எடுத்தாரா?

"வீ." அது சுத்தமான உண்மை.

இன்று நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, விளங்கியதா?

"வீ."

அந்தக் குளிசையை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடுதானே எடுத்தார்?

அந்தக் கேள்வி அவளுக்கு நன்றாக விளங்கியது. விளங்கிய பிறகுதான் வாய் "வீ" என்றது. எதிரே மாமி ஒரு விரலை உதட்டில் வைத்திருந்தார். கேள்வி அவர் காதில் விழவில்லை. தொலைபேசி மணி அடித்ததிலிருந்தே, முன்னெச்சரிக்கையாக, அவர் விரலை அங்கேதான் வைத்திருந்தார்.

"என்னவாம்?" என்றார் மாமி, அழைப்பு முடிந்ததும்.

"நாளைக்கு ஏழு மணிக்கு அங்கை நிக்கட்டாம்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை மாமி."

மிருணாளினி அறைக்குள் போய்க் குளிசைப் பெட்டியை எடுத்தாள். உள்ளே மடித்து மடித்து வைத்திருந்த தாளை முழுதாக விரித்தாள். இத்தனை நாளும் அதை அவள் விரித்ததே இல்லை. தேடவும் வேண்டியிருக்கவில்லை. இந்த அளவு மருந்தை உணவுடன் எடுக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். வயிற்றில் உணவு இல்லாவிட்டால் மருந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரத்தத்தில் சேராமலே போய்விடும் என்று இருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

மாமிக்கு வந்திருப்பது பெரிய சிக்கலான நோய் அல்ல. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கின்றன. நடுங்கும் இடத்தில் இரத்தம் தேங்கும். தேங்கினால் உறைந்து கட்டியாகலாம். மின்சாரம் கொடுத்து, அறை திரும்பவும் ஒழுங்காகச் சுருங்கத் தொடங்கும்போது, உள்ளே கட்டி ஒன்று இருந்தால் அது கிளம்பும். கிளம்பினால் பெரும்பாலும் மூளைக்குத்தான் போகும். அதனால்தான் மூன்று கிழமை அந்தச் செங்கல் நிறக் குளிசை இடைவெளி இல்லாமல் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த மிருணாளினிக்கு இதை யாரும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் பெட்டியை வாங்கி வந்த கணவன் உதயன் சொன்னது அவளுக்கு இப்போதும் காதில் இருந்தது. "இரவுச் சாப்பாட்டோட குடுக்கட்டாம்." அவள் அதை நேரம் என்று எடுத்துக்கொண்டாள். காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று ஊரில் எல்லா மருந்துக்கும் நேரம் சொல்வது அப்படித்தான். இரவு ஏழு மணி என்றால் ஏழு மணி. ஏழு மணிக்கு அவள் குளிசையையும் தண்ணீரையும் நீட்டத் தவறியதே இல்லை. கந்தசஷ்டியின் ஆறு நாளும் தவறவில்லை. அந்த ஆறு நாளும் மாமி தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை.

விரதம் வேண்டாம் என்று உதயன் முதலே சொல்லியிருந்தான். "இந்த வருசம் விரதம் கிரதம் ஒண்டும் இல்லை அம்மா, சொல்லிப்போட்டன்." மாமி "ஓம் தம்பி" என்றார். மறுநாள் தலை முழுகிவிட்டு வந்து மிருணாளினியைச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அவள் கையைத் தன் தலையில் வைத்து, விரதத்தை மகனுக்குச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார். கரண்ட் வைக்காமலே முருகன் இந்த நெஞ்சைச் சரிப்படுத்தித் தர வேண்டும்; அதுதான் நேர்த்திக்கடன். உதயன் கடைகளுக்கு மரக்கறி ஏற்றும் வான் ஓடுகிறான். விடியுமுன் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவான். அவன் வருகிற நேரத்துக்கு மிருணாளினி ஒரு சாப்பாட்டுப் பீங்கானை நனைத்துத் தட்டுத்தாங்கியில் நிமிர்த்தி வைப்பாள். அவன் அதைப் பார்ப்பான். "அம்மா சாப்பிட்டிட்டாவோ?" என்று கேட்கவும் மாட்டான்.

புறநகர்த் திரான்சியில் இருந்து வருகிற சொந்தக்காரர் எல்லாம் மாமிக்குக் கீரையைத் தொடாதே என்று புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். அது பழைய மருந்துக்கு. இந்தக் குளிசைக்குக் கீரை ஒரு பொருட்டே இல்லை. இதற்கு வேண்டியிருந்தது ஒரு பிடி சோறு.

"பிள்ளை, என்ன உள்ளுக்குப் போய்ப் படுத்திட்டீரோ?" என்று மாமி கூப்பிட்டார்.

"பார்மசிக்குப் போட்டு வாறன் மாமி."

"ஏன்? எல்லாம் இருக்குத்தானே?"

அவள் அதற்குள் கதவைச் சாத்தியிருந்தாள்.

நான்கு மாடி இறங்கும்வரை பிரெஞ்சில் ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே போனாள். கட்டியது மூன்றாம் மாடியில் சரியாக இருந்தது; தெருவுக்கு வந்தபோது வினைச்சொல் உதிர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். அவள் முறை வந்தபோது பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். வெள்ளை அங்கியில் மனோன் என்று பெயர் குத்தியிருந்த மருந்தாளர், குனிந்து, "சொல்லுங்கள்" என்றாள்.

"ஒருவர்," என்றாள் மிருணாளினி. குளிசைப் பெட்டியைக் காட்டினாள். "ஆறு நாள். சாப்பாடு இல்லாமல் இது."

"யார் அந்த ஒருவர்?"

"தெரிந்தவர்."

"தெரிந்தவருக்கு இப்போது ஏதும் செய்யப்போகிறார்களா?"

நெஞ்சுக்குக் கரண்ட் வைப்பதற்குப் பிரெஞ்சுச் சொல் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னாள். எப்போது என்று மனோன் கேட்டாள். நாளைக்கு என்றாள்.

மனோன் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். கட்டி இருக்கிறது என்று இல்லை. பெரும்பாலும் இருக்காது. ஆனால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். சொன்னால் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு இதயத்துக்குள் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் திட்டப்படி செய்வார்கள், இல்லாவிட்டால் தள்ளிவைப்பார்கள். சொல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

"விளங்குகிறதா, மதாம்?"

"வீ."

"இன்றைக்கே அழையுங்கள்."

வெளியே வந்து, மெட்ரோ ஓடும் பாலத்துக்குக் கீழே நின்று அழைத்தாள். மேலே ரயில் போய் முடியும்வரை காத்திருந்து மறுபடி அழைத்தாள். அந்தப் பிரிவு ஐந்து மணிக்கு மூடப்பட்டது, அவசரமென்றால் வேறு எண்ணை அழைக்கவும் என்று பதிவுசெய்த குரல் ஒன்று சொன்னது. நாளைக் காலை நடக்கப்போவது இன்று மாலை அவசரமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவசர எண்ணில் ஆண் குரல் ஒன்று எடுத்து வேகமாக ஏதோ கேட்டது. அவள் "மன்னிக்கவும்" என்று சொல்லித் துண்டித்துவிட்டாள். துண்டித்த பிறகும் கைத்தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"பிள்ளை! மிருணாளினிப் பிள்ளை!"

இராயப்பு அண்ணை தன் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். முன்னால் வாழைக்காயும் முருங்கைக்காயும், உள்ளே காசுமேசையில் ஊட்டச்சத்துக் குளிசைப் போத்தல்களுமாக வியாபாரம் செய்கிறவர். மாமிக்கு நெஞ்சு படபடத்த முதல் கிழமையிலேயே மக்னீசியம், மீனெண்ணெய், உள்ளிப்பூண்டுச் சாறு என்று மூன்று போத்தல் விற்றவர் அவர்தான். அவற்றை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டியவள் மிருணாளினி. மீனெண்ணெய் அளவுக்கு மீறினால் இதே படபடப்பைக் கூட்டக்கூடும், உள்ளிச் சாறு உறையாமைக் குளிசையோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரக்கூடும், மக்னீசியம் இரத்தத்தில் குறைந்தால் மட்டும் தேவை என்று மருத்துவர் மூன்றையும் நிறுத்திவிட்டார். கொண்டுவந்து காட்டியது நல்லது என்று அவளைப் பாராட்டவும் செய்தார். அன்றைக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. போத்தல் பேசியது, அவள் பேச வேண்டியிருக்கவில்லை.

"என்ர மீனெண்ணெயைத் திருப்பி அனுப்பின டொக்ரர் நாளைக்குக் கரண்ட் வைக்கிறாராமே?" என்றார் இராயப்பு.

"ஓம் அண்ணை."

"ஒண்டுக்கும் யோசியாதையும். உம்மட மாமி பிடிச்ச விரதத்துக்கு ஒண்டும் வராது. ஆறு நாளும் பச்சைத் தண்ணியோட! கடைசி நாள் கோயிலால வரேக்கை பாத்தனான், முகத்தில ஒரு வெளிச்சம். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எண்டாலும் சொல்லுறன், முருகன் கைவிடமாட்டார்."

"அண்ணை, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? கோயிலுக்கு வாற முழுச் சனத்துக்கும் தெரியும். உதயனுக்குத் தெரியாதெண்டு மட்டும் எனக்குத் தெரியும்." அவர் தன் வாயில் பூட்டுப் போடுவதுபோலக் காட்டிச் சிரித்தார். "இந்தாரும், ரெண்டு வாழைப்பழம் கொண்டு போம். நாளைக்கு முடிஞ்ச உடனை குடும்."

அவள் வாழைப்பழத்தோடு நடந்தாள். தெரு முழுவதற்கும் தெரிந்த விசயம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. ஒருவர் மாமியின் மகன், மற்றவர் மருத்துவர்.

வீட்டில் மாமி பயற்றங்காய்க் கறியை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். உப்புக் குறைத்து, தேங்காய்ப்பால் குறைத்து, கருவாடு நிறுத்திச் சமைக்கும் கறி. "ஆசுப்பத்திரிச் சாப்பாட்டுக்கு நானே வீட்டில பழக்கம் எடுத்திட்டன்" என்பது இந்த நாலு மாதத்தில் மாமியின் வழக்கமான பேச்சு. இன்று அதைச் சொல்லவில்லை. மிருணாளினியின் முகத்தைப் பார்த்தார்.

"பார்மசியில என்னத்தைக் கேட்டனீர்?"

மிருணாளினி முன்னால் உட்கார்ந்து, தாள் சொன்னதையும் மனோன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். மாமி கடைசிவரை குறுக்கிடவில்லை.

"குளிசை விட்டனானோ?" என்றார் பிறகு.

"விடேல்லை மாமி."

"அவை கேட்டது குளிசை விட்டதோ எண்டுதானே? விடேல்லை. அவ்வளவுதான் கதை."

"சாப்பாட்டோட எடுத்ததோ எண்டும் கேட்டவை. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"பிறகென்ன? சொன்னது சொன்னதுதான்."

"மாமி, உள்ளுக்கு ஒரு கட்டி இருந்தா…"

"இருக்காது." மாமி தன் இடக்கையை மேசையில் நீட்டினார். "பிடிச்சுப் பாரும். ரெண்டு நாளா நல்லா இருக்கு. நான் சொல்லேல்லை, நீர் நம்பமாட்டீர் எண்டுதான் சொல்லேல்லை. விரதம் முடிச்சுப் பாறணை செய்த அண்டிலயிருந்து படபடப்பே இல்லை."

மிருணாளினி மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். கண்ணை மூடினாள். காலையில் கொடுக்கும் வெள்ளைக் குளிசை வேகத்தைக் குறைத்திருந்தது; அதனால்தான் மாமிக்குப் படபடப்புத் தெரியவில்லை. ஆனால் ஒழுங்கு இல்லை. ஒரு அடி, இன்னொரு அடி, பிறகு யாரோ வாசலில் தயங்கி நிற்பதுபோல ஒரு இடைவெளி, உடனே மூன்று அடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு. அவள் விரலை எடுக்காமல் இருந்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்பதுபோல.

"என்ன?" என்றார் மாமி.

"அப்பிடியேதான் இருக்கு மாமி."

மாமி கையை இழுத்துக்கொண்டார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"புரட்டாதியில என்ன நடந்ததெண்டு உமக்குத் தெரியும்தானே? ஸ்தேனில கலியாண வீட்டுக்குப் போய் ரெண்டு ராத்திரிக் குளிசையை விட்டிட்டன். அதைச் சொன்ன உடனை கரண்ட் வைக்கக் குறிச்ச நாளை, அந்த ரொந்தெவுவைத் தள்ளிப்போட்டினம். தம்பி அந்த வராந்தாவில வைச்சு, அத்தினை வெள்ளைக்காரரும் பாக்க, 'உங்களைப் பாக்கிற நேரத்துக்கு ஒரு சின்னப்பிள்ளையைப் பாக்கலாம்' எண்டு கத்தினவன். என்ர வயசுக்கு நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டனான். இன்னொருக்கா என்னை அங்கை நிப்பாட்டப் போறீரோ?"

"இல்லை மாமி."

"நாலு மாடி ஏற நாலு தரம் இருந்து எழும்பிறன். நாளைக்கோட இது முடியவேணும். நீர் என்ர தலையில கை வைச்சு என்ன சொன்னனீர்?"

மிருணாளினி எழுந்து வாழைப்பழத்தை ஒரு தட்டில் வைத்தாள்.

"வாயைத் திறவாதையும் பிள்ளை. அது உமக்குக் கஸ்டமான வேலையில்லைத்தானே?"

மாமி அதைப் பகிடியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரிக்கவும் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு ஏழு மணிக்கே உதயன் வந்துவிட்டான். மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மிருணாளினி மாமிக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். மாமி அதையும் சாப்பிட்டு, குளிசையை விழுங்கி, வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மகனுக்குக் காட்டுவதுபோல இருந்தாலும் அது மருமகளுக்குக் காட்டியது.

பாத்திரம் கழுவும்போது உதயன் பக்கத்தில் வந்து நின்று துடைத்துக் கொடுத்தான். வழக்கமாகச் செய்யாத வேலை.

"நாளைக்கு லீவு கேக்க முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டவன்," என்றான். "போனமுறை மாதிரி வீணாப் போகாது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"இஞ்சாருங்கோ," என்றாள் அவள்.

"என்ன?"

குழாயை நிறுத்தினாள். கையைத் துடைத்தாள். மாமியின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது; கட்டில் சத்தமில்லை. மாமி படுக்கவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தமுறை உம்மளிட்டைக் குடுத்தபடியால்தான் ஒழுங்கா நடந்தது, மிருணா," என்றான் உதயன். "நான் பாத்திருந்தா இப்பிடிப் பாத்திருக்கமாட்டன். சொல்லும், என்ன சொல்ல வந்தனீர்?"

"காலமை எத்தினை மணிக்கு எழும்பவேணும்?"

"ஆறுக்கு."

"சரி."

தட்டுத்தாங்கியில் மூன்று பீங்கான் ஈரமாக நின்றன. இன்றைக்கு மூன்றிலும் உண்மையாகவே சாப்பிட்டிருந்தார்கள்.

காலையில் அவர்கள் நடந்தே போனார்கள். மருத்துவமனை பக்கத்தில்தான். மாமி நீலச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். கடைக் கதவுகள் இன்னும் இறக்கியே கிடந்தன. மாமி இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நிற்கும்போதெல்லாம் உதயன் கைத்தொலைபேசியைப் பார்த்தான். மிருணாளினி மாமியின் கையைப் பிடித்தாள். பிடித்தது துணைக்கா, மணிக்கட்டுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. எதுவும் செய்வதற்கு முன் இதயத் துடிப்பை ஒரு தாளில் எடுத்துப் பார்ப்பார்கள். சில பேருக்கு மருந்திலேயே, தானாகவே, தாளம் திரும்பிவிடும். திரும்பியிருந்தால் கரண்டே தேவையில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டி வராது. அவள் படித்தவள். இதற்கும் விரதத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தவள். ஆனாலும் வாசல் கண்ணாடிக் கதவு திறந்தபோது மனதுக்குள், முருகா, ஒருக்கா, என்றாள்.

ஷார்லோத் தொலைபேசிக் குரலைவிட இளமையாக இருந்தாள். மாமிக்குப் பின்பக்கம் முடிச்சுப் போடும் அங்கியை மாற்றிவிட்டு, நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒட்டுக்களை ஒட்டினாள். விபூதியைத் துடைக்கவில்லை. இயந்திரம் கறகறவென்று தாளைத் தள்ளியது. மிருணாளினி எட்டிப் பார்த்தாள். உயரமான முனைகள் ஒழுங்கில்லாமல் நின்றன, ஒன்று தள்ளி, ஒன்று நெருங்கி. அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டிய சின்ன மேடு எங்கேயும் இல்லை. நடுங்கும் கோடு மட்டும்.

"மாறியிருக்கோ?" என்று மாமி படுத்தபடி கேட்டார், மகனுக்குக் கேட்காத குரலில்.

மிருணாளினி இல்லை என்று தலையசைத்தாள்.

மாமி கண்ணை மூடித் திறந்தார். கோபமோ அழுகையோ இல்லை. ஏதோ ஒரு கணக்கை முருகனோடு பிறகு பேசித் தீர்க்கலாம் என்பதுபோல முகம் இறுகியது. பிறகு மருமகளைப் பார்த்து, அந்த ஒற்றை விரலை, ஒட்டுக் கம்பிகளோடு, தூக்கி உதட்டில் வைத்தார்.

இதய மருத்துவர் வந்தார். நரைத்த தாடி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. இப்போது உதயன்தான் மொழிபெயர்த்தான். அவனுடைய பிரெஞ்சு வேகமானது. மிருணாளினியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் சுவரோடு, மாமியின் சேலையும் குளிர்ச்சட்டையும் வைத்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குளிசை ஒரு நாளும் விடேல்லைத்தானே அம்மா?"

"ஒரு நாளும் விடேல்லை."

உதயன் மொழிபெயர்த்தான். மருத்துவர் எழுதினார். உதயன் கையால் மிருணாளினியைக் காட்டி ஏதோ சொன்னான். மருத்துவர் அவள் பக்கம் திரும்பி மரியாதையாகத் தலையசைத்தார். என் மனைவிதான் எல்லாம் பார்த்தாள் என்று அவன் சொல்லியிருந்தான். அது அவளுக்கு முழுதாக விளங்கியது.

மயக்க மருந்து கொடுப்பவர் உயரமான மனிதர். நகைச்சுவையாகப் பேசுவார் போலிருந்தது. மாமியின் கையில் ஏற்கெனவே ஏற்றியிருந்த குழாயில் ஊசியைப் பொருத்திக்கொண்டே, வெறும் வயிற்றில்தானே இருக்கிறார் என்று கேட்டார். வெள்ளை மருந்து ஊசிக்குள் பால்போல நின்றது. ஷார்லோத் மாமியின் நெஞ்சில் ஒரு பட்டையையும் முதுகில் ஒரு பட்டையையும் ஒட்டி முடித்திருந்தாள்.

"ராத்திரிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?" என்றான் உதயன்.

"தண்ணியும் தொடேல்லை."

உயரமானவர் சிரித்து ஏதோ சொன்னார். "இவ்வளவு நேரமும் பசியோட கிடந்திருக்கிறா, பாவம் எண்டு சொல்லுறார் அம்மா."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக அடக்கிவைத்த சிரிப்பு. "இதெல்லாம் ஒரு பசியே, தம்பி," என்றார்.

உதயனும் சிரித்தான்.

"என்ன சொன்னார்?" என்று உயரமானவர் கேட்டார். விரல் ஊசியின் பின்முனையில் இருந்தது. மற்றக் கையால் முகமூடியை மாமியின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஒன்றுமில்லை," என்றான் உதயன் பிரெஞ்சில். "பசி பழக்கம்தானாம்."

முகமூடி இறங்கியது. அதற்கு மேலே மாமியின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை மிருணாளினியைத் தேடின. பயந்த கண்கள். நேற்றிலிருந்து அதை அவர் ஒருவருக்கும் காட்டியிருக்கவில்லை.

"சீ ஜூர்," என்றாள் மிருணாளினி.

ஆறு நாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அவள் பையைக் கீழே வைத்தாள். வினைச்சொல் வரவில்லை. அதற்காகக் காத்திருக்காமல் கையில் கிடைத்த பிரெஞ்சுச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஆறு நாள். சாப்பாடு இல்லை. மருந்து, தண்ணீர், சாப்பாடு இல்லை. நேற்று நான் ஓம் சொன்னேன், அது பொய்.

உயரமானவரின் விரல் ஊசியிலிருந்து விலகியது. இதய மருத்துவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஷார்லோத் முகமூடியை வாங்கி மாமியின் முகத்திலிருந்து எடுத்தாள்.

"என்ன சொல்லுறீர்?" என்றான் உதயன். "மிருணா, என்ன ஆறு நாள்?"

மாமி கட்டிலில் இருந்து கையை நீட்டினார். தடுக்கவா பிடிக்கவா என்று தெரியவில்லை. மிருணாளினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கணவனைப் பார்த்து, தமிழில், அங்கே இருந்த எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"கந்தசட்டிக்கு மாமி ஆறு நாளும் ஒண்டும் சாப்பிடேல்லை. குளிசையை வெறுவயித்திலதான் எடுத்தவ. நான்தான் குடுத்தனான். பீங்கானை நனைச்சு வைச்சதும் நான்தான்."